நாற்காலியைத் திருப்பவில்லை

சாயங்காலம் ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரை அந்த வீட்டில் தும்மல் வந்தால்கூட அடக்கிக்கொள்ள வேண்டும். எழுதி ஒட்டவில்லையே தவிர, சட்டம் அதுதான். சட்டம் போட்டவர் வீட்டுக்காரர். தெருவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரியில், வருகிறவர்களுக்குக் காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து எழுதிக் கொடுக்கும் உத்தியோகம். சிலர் மரியாதையாகக் காது டாக்டர் என்பார்கள். தான் டாக்டர் இல்லை என்று அவரும் திருத்தியதில்லை.

காது கேளாதவர்களோடு வேலை என்றால் அமைதியான வேலை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் கொண்டுபோய் அந்த அறை வாசலில் ஒரு நாள் உட்கார வைக்க வேண்டும். ஒவ்வொருவரையும் மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். "அங்க இல்லம்மா, இங்க! இந்த நாற்காலி!" என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். கூட வந்த சொந்தக்காரர் நோயாளியிடம் கத்துவார், நோயாளி பதிலுக்குக் கத்துவார், நடுவில் ஒரு கைக்குழந்தை வீறிடும். மூன்று மணிக்கெல்லாம் காதுக்காரருக்கு மண்டைக்குள் ஒரு மாவு மில் ஓட ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்து கண்ணை மூடி ஒரு மணி நேரம் சத்தமில்லாமல் கிடந்தால்தான் அவர் திரும்ப மனுஷர் ஆவார். கேட்டது அவ்வளவுதான், பெரிய ஆசை ஒன்றும் இல்லை.

அந்த ஒரு மணி நேரத்துக்காக அவர் செய்யாத வித்தை இல்லை. காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார், அரித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மெத்தென்ற காதடைப்பான் கொண்டுவந்து செருகினார், தன் மூச்சே தனக்குக் கேட்டு எரிச்சல் வந்தது. மேஜை விசிறியை முகத்துக்கு நேரே வைத்து அதன் இரைச்சலில் மற்றதை மறக்கப் பார்த்தார், சளி பிடித்தது. மாடி வீட்டுக்காரர்கள் நாற்காலி இழுப்பதைப் பற்றி அவர்களிடமே போய்ப் பேசினார். அவர்கள் நல்லவர்கள், சரி என்றார்கள், அப்புறம் நாற்காலியைத் தூக்கி வைத்து டொம்மென்று போட்டார்கள். ஒரு வாரம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பாய் விரித்துப் படுத்தார். பக்கத்துக் கட்டடத்தில் டிரில் போட ஆரம்பித்தார்கள்.

இதெல்லாம் வெளிச் சத்தம். உள்ளே இருந்தது பெரிய சத்தம். அது அவர் மனைவி.

அவள் இருபத்திரண்டு வருஷம் துணி மில்லில் தறி ஓட்டியவள். முட்டிவலி வந்த பிறகு துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். தறிக்கூடத்தில் நூறு தறி ஒன்றாக அடிக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் பேச்சுகூடக் காதில் விழாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும், அப்படியும் புரியாவிட்டால் கத்த வேண்டும். அந்தக் கத்தலில் அவளை யாரும் மிஞ்ச முடியாததால் மில் பெண்கள் அவளுக்கு 'சைரன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான். வீட்டிலும் அதே குரல். "டீ வேணுமா?" என்று அவள் கேட்டால் எதிர்வீட்டுக்காரர் "எனக்கு வேண்டாங்க" என்று பதில் சொன்னதாக ஒரு கதை உண்டு. பாத்திரத்தை வைத்தால் ணங். கதவைச் சாத்தினால் படீர். டிவி போட்டால் செய்தி வாசிக்கிறவர் நடு ஹாலில் வந்து நின்று வாசிப்பது போல இருக்கும்.

"உனக்குக் காது கேக்குதா இல்லையா?" என்று அவர் தினமும் கேட்டார். அது கேள்வி இல்லை, திட்டு. தினமும் திட்டு வாங்கியவள் ஒரு நாள் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, "அப்ப நீங்களே பாத்துச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை அவளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார். சனிக்கிழமை ஒரு மணியோடு பிரிவை மூடிவிடுவார்கள். கடைசி ஆள் போய், அவள் உள்ளே வந்தபோது ஒரு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

அந்தச் சோதனை சிக்கலானது இல்லை. சத்தம் புகாத ஒரு சின்ன அறை. நோயாளி அதற்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சோதிக்கிறவர் பொத்தானை அழுத்துவார். உள்ளே மெல்லிய 'பீப்' கேட்கும். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், விரல் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருக்க வேண்டும். நேரே கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தால், பொத்தானை அழுத்தும்போது தோள் லேசாக அசைவது தெரியும். காது கேளாதவர்கள் கண்ணால் பிழைக்கிறவர்கள். தோள் அசைந்தால் விரலைத் தூக்கிவிடுவார்கள். இது அந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தரும் பாடம்.

அன்று கடைசியாக வந்தது ஒரு குழந்தை. அது அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பியிருந்தார்கள். மனைவி உள்ளே போய் அப்படியே உட்கார்ந்தாள். அவர் பார்த்தார். எழுந்து போய்த் திருப்ப வேண்டும் என்று நினைத்தார். மண்டைக்குள் மாவு மில் அதற்குள்ளாகவே ஓட ஆரம்பித்திருந்தது. தன் பெண்டாட்டிதானே என்று பொத்தானை அழுத்த ஆரம்பித்தார்.

அவள் விரல் டக் டக்கென்று எழுந்தது. சத்தத்தைக் குறைத்தார், எழுந்தது. இன்னும் குறைத்தார், எழுந்தது. நல்ல காது உள்ளவர்கள்கூட மெல்லிய சத்தம் வரும்போது கொஞ்சம் தடுமாறுவார்கள். கேட்டதா, பிரமையா என்று விரல் பாதியில் நிற்கும். இவள் விரலில் அந்தச் சந்தேகமே இல்லை. இது சரியில்லையே என்று அவருக்குள் ஏதோ குறுகுறுத்தது. பேனாவை எடுக்கக் கையை நீட்டினார். பொத்தானை அழுத்தவே இல்லை. உள்ளே அவள் விரல் எழுந்தது.

அதை அவர் பார்த்தார். பார்க்கவில்லை என்று அவர் பிற்பாடு தனக்குத்தானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தும் அது எடுபடவில்லை. எழுந்த விரலையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு அவர் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செய்ய வேண்டியது என்ன? எழுந்து போய் நாற்காலியைத் திருப்பி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபது நிமிஷ வேலை. வாட்ச்மேன் சாவியோடு வாசலில் நின்றார். காதுக்காரர் படிவத்தில் 'இரு காதுகளும் இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்தவள் முகம் மலர்ந்திருந்தது. "பாஸா?" என்றாள்.

"பாஸ்தான்," என்றார்.

அதோடு விட்டாரா? அந்தக் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் காந்தம் போட்டு ஒட்டினார். "பாத்துக்கோ. காது கிண்ணுனு இருக்கு. இனிமே சத்தம் போட்டா அது காதுக் கோளாறு இல்ல, திமிரு," என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவளும் சிரித்தாள்.

அன்றிலிருந்து அவள் மாறினாள். பாத்திரம் வைக்கும் இடத்தில் பழைய துண்டை நான்காக மடித்துப் போட்டாள். நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி சுற்றிக் கட்டினாள். டிவியைத் தொடுவதை விட்டாள். கேட்டால், "என்னத்தப் போடுறான், எல்லாம் ஒரே அழுகை" என்று உதட்டைப் பிதுக்குவாள். ஆறு மணி ஆனால் வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டு, திருடன் மாதிரி நடந்தாள். தான் போடும் சத்தம் எவ்வளவு என்று தெரியாதவள் எல்லாச் சத்தத்தையும் குறைத்துவிடுவதுதான் நல்லது என்று முடிவு செய்திருந்தாள். பேச்சும் குறைந்தது. காதுக்காரருக்குச் சுகமாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. அடித்துப் போட்ட மாதிரி சோபாவில் கிடந்து, ஏழு மணிக்கு எழுந்து, "அப்பாடா" என்பார். மனதின் மூலையில் அந்த விரல் எப்போதாவது எழும். புரண்டு படுத்துக்கொள்வார்.

அவர்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள். தானே பார்த்துச் செய்துகொண்ட கல்யாணம். அதில் அம்மாவுக்கு முதலில் வருத்தம், பிறகு சமாதானம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும். முன்பெல்லாம் அம்மாவும் பெண்ணும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். அந்தச் சோதனைக்கு முந்தின வருஷத்திலிருந்தே அது சுருங்கிக்கொண்டு வந்தது. நேரே நின்று பேசினால் அம்மா உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவாள், போனில் உதடு ஏது? "சரிம்மா, சரிம்மா" என்பாள். இரண்டு நிமிஷத்தில் "இந்தா, அப்பாகிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள்.

சோதனை முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு, போன் வழக்கம்போல இவர் கைக்கு வந்தது. மகள் முதலில் அவர் உடம்பை விசாரித்தாள். பிறகு, "அப்பா, அம்மாவுக்குக் காது நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.

"ஏன் கேக்குற?"

"சும்மாதான். நான் சொல்றது அவங்களுக்குக் கேக்குதான்னு..."

"நானே டெஸ்ட் பண்ணியிருக்கேன்ம்மா. நூத்துக்கு நூறு. ஊசி விழுந்தா கேக்கும்," என்றார்.

"சரிப்பா," என்று அவள் வைத்துவிட்டாள். ஏன் கேட்டாள் என்று இவர் யோசிக்கவில்லை. உண்மையைச் சொல்வதென்றால், யோசிக்கப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை போன்கள் நின்று, 'நலம்' என்று வெறும் செய்தி மட்டும் வர ஆரம்பித்தது.

ஒரு மாதம் கழித்து, சொந்தக்காரர் ஒருவர் மூலம் விஷயம் தெரிந்தது. மகளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று ஆபரேஷன் நடந்திருந்தது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காமல், பக்கத்து வீட்டு அம்மாள்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாளாம். பதறிப்போய்க் காதுக்காரர் போன் போட்டு, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டார்.

"அம்மாகிட்ட சொன்னேனேப்பா. பத்து நாள் வந்து இருங்கம்மான்னு கேட்டேன். 'சரிம்மா, அப்புறம் பாக்கலாம்'னு சொல்லிட்டு உங்ககிட்ட போனைக் குடுத்துட்டாங்க. கல்யாணக் கோவம் இன்னும் போகல போல. விடுங்கப்பா."

மனைவியிடம் போய் எதிரே நின்று கேட்டார். "பொண்ணு உன்கிட்ட சொன்னாளாமே, ஆபரேஷன்னு?"

"என்கிட்டயா?" என்றாள். முகம் வெளுத்துப்போனது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்திருக்கும் என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். இவருக்கும் புரிந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரிட்ஜில் இவர் கையெழுத்துப் போட்ட காகிதம் இருந்தது.

"மறந்துட்டேன் போல," என்றாள் அவள்.

பெற்ற பெண்ணின் ஆபரேஷனை ஒரு தாய் மறப்பாளா? மறப்பாள் என்று ஏற்றுக்கொண்டார் காதுக்காரர். "என்னத்தச் சொல்றது போ," என்று முணுமுணுத்துவிட்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்தார். அவள் ஊருக்குப் போய்ப் பெண்ணைப் பார்த்துவிட்டு இரண்டாம் நாளே திரும்பி வந்தாள். மகள் முகம் கொடுத்துப் பேசவில்லையாம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை, புடவை மடித்துக்கொண்டே சொன்னாள்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. அந்த வருஷம் மில்லுக்கு ஆய்வு செய்ய வந்த அதிகாரி, பழைய தொழிலாளர்கள் எல்லோருக்கும் காதுச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார். நாளுக்குப் பத்துப் பேர் என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மனைவியின் முறை வந்த நாளில் காதுக்காரர் பல்வலி என்று லீவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த பெண்தான் சோதித்தாள். கறாரான பெண், நாற்காலியைத் திருப்பாமல் பொத்தானில் கை வைக்கமாட்டாள்.

மறுநாள் கையெழுத்துக்காகக் கட்டு அவர் மேஜைக்கு வந்தது. ஆறாவது தாளில் மனைவியின் பெயர். கேட்கும் அளவைக் காட்டும் கோடு இரண்டு காதுக்கும் மாடிப்படி மாதிரி கீழே இறங்கியிருந்தது.

"சார், இந்தம்மாவுக்கு ரொம்ப மோசம் சார்," என்றாள் அந்தப் பெண். யார் என்று அவளுக்குத் தெரியாது. "மிஷின் மாட்டாம எப்படித்தான் சமாளிச்சாங்களோ. இவ்வளவு இறங்க ஏழெட்டு வருஷமாவது ஆகியிருக்கும். வீட்ல யாருமே கவனிக்கல போல, பாவம்."

காதுக்காரர் மென்று விழுங்கினார். "ஆமா, பாவம்," என்றார். கையெழுத்துப் போட்டார். அது அவர் கையெழுத்து மாதிரியே இல்லை.

அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் ஹாலில் நின்றுகொண்டே காத்திருந்தாள். பிரிட்ஜில் இருந்த காகிதத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள்.

தலையாட்டினார்.

"என்னைத் திட்டாதீங்க. தப்பு என்மேலதான். அன்னைக்கு உங்க தோளைப் பாத்துப் பாத்துத்தான் விரலைத் தூக்கினேன். ஒண்ணும் கேக்கல. காதுக்காரர் பொண்டாட்டிக்கே காது கேக்கலன்னா நாலு பேர் சிரிக்கமாட்டாங்களா? உங்களுக்கு எவ்வளவு கேவலம்? அதான். அந்தப் பொண்ணு என்னைத் திருப்பி உக்கார வச்சிருச்சு, மாட்டிக்கிட்டேன்." குரல் உடைந்தது. "உங்களை ஏமாத்திட்டேன். பொண்ணு சொன்னதும் என் காதுல விழல. அதையும் மறந்துட்டேன்னு பொய் சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

பேச வேண்டிய நேரம் அதுதான். வாய்வரை வந்தது. வந்ததை உள்ளே தள்ளி, "சரி விடு, நடந்தது நடந்துபோச்சு," என்றார். மன்னித்தேவிட்டார் மகானுபாவர். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லவருங்க" என்றாள். அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவளோ பல வருஷம் கழித்து மனசில் பாரமில்லாமல் தூங்கினாள்.

இரண்டு வாரத்தில் அவளுக்கு இரண்டு காதுக்கும் மிஷின் வந்தது. அவரே அளவெடுத்து, அவரே மாட்டி, அவரே சரிசெய்தார். மாட்டிவிட்டதும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். "என்னங்க இது, விசிறி இவ்வளவு சத்தமா ஓடுது? நீங்க எப்படி இதைப் பொறுத்துக்கிட்டீங்க?" என்று அவருக்காகப் பரிதாபப்பட்டாள். தண்ணீர்க் குழாயை மூடித் திறந்து பார்த்தாள். ஒரு டம்ளரைக் கரண்டியால் தட்டி, பயந்துபோய்க் கையால் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இப்படியா சத்தம் போட்டுட்டு இருந்தேன்! தெரியாமப் போச்சே. உங்க உயிரைத்தான் வாங்கியிருக்கேன்."

அவர் ஒவ்வொரு நாளும் கூனிக் குறுகினார். போதாததற்கு, சாயங்காலம் ஆறு மணி அடித்தால் அவள் மிஷினைக் கழற்றி டப்பாவில் வைத்துவிடுவாள். "உங்க நேரம். இது காதுல இருந்தா நானும் எதையாவது பேசுவேன், டிவி போடலாம்னு தோணும்" என்பாள். பிறகு பழையபடி வெறுங்காலோடு சுவரோரமாக நடப்பாள். "இனிமே அதெல்லாம் வேண்டாம், நீ பாட்டுக்கு இரு," என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. சோபாவில் கண்ணை மூடினால் சத்தமே இல்லாமல் அவள் போய்வருவது தெரியும். அந்த அமைதியில் அவருக்கு மூச்சு முட்டியது. மாடியில் யாராவது நாற்காலி இழுக்கமாட்டார்களா என்று இருந்தது. அந்த நேரம் பார்த்து அவர்களும் ஊருக்குப் போயிருந்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளிச்சம் இன்னும் இருந்தது. அவள் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உலர்ந்த துணி மடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் டப்பாவில். காதுக்காரர் சோபாவிலிருந்து எழுந்து வாசற்படியில் நின்றார். அவள் முதுகைப் பார்த்து, "எனக்குத் தெரியும்டீ. அன்னைக்கே தெரியும். நீ தோளைப் பாத்துத் தூக்கினது தெரியும்," என்றார். அவள் ஒரு தலையணை உறையை உதறி மடித்தாள். சொல்லிவிட்டோம் என்று ஒரு நிமிஷம் நெஞ்சு லேசானது. அடுத்த நிமிஷம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. காது கேளாதவளின் முதுகிடம் சொல்லிவிட்டு, சொல்லிவிட்டதாகக் கணக்கா? இதைவிடக் கேவலம் உண்டா?

போய் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் எதிரே வந்து நின்றார். நீட்டினார்.

"மணி ஆறேகால்தான் ஆகுது," என்றாள்.

"போட்டுக்கோ. ஒண்ணு சொல்லணும்."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவள் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒன்று, இரண்டு. சிறிய 'கிளிக்' இரண்டு முறை கேட்டது.

"அன்னைக்கு நான் பொத்தானை அழுத்தாமலே ஒரு தடவை கையை அசைச்சேன். பேனா எடுக்க. நீ விரலைத் தூக்கினே. அதை நான் பாத்தேன். உனக்குக் காது கேக்கலன்னு அப்பவே எனக்குத் தெரிஞ்சிபோச்சு. தெரிஞ்சும் நல்லா இருக்குன்னு எழுதினேன்."

அவள் மடித்த துணிமேல் கையை வைத்தபடி இருந்தாள்.

"ஏன்?" என்றாள்.

நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று அவர் ஆயிரம் முறை தேடியிருக்கிறார். "நேரமாயிடுச்சு. தலை வலிச்சுது. வீட்டுக்கு வந்து படுக்கணும்னு இருந்துச்சு," என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று அவர் காதுக்கே கேட்டது. "அப்புறம் நீ சத்தம் போடாம இருந்தது எனக்கு வசதியா இருந்துச்சு. அதனால வாயை மூடிட்டு இருந்துட்டேன்."

"நாற்காலியைத் திருப்பியிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஆமா."

"நான் மன்னிப்பு கேட்டப்பவும் சொல்லல."

"சொல்லல."

சைரன் என்று பெயர் எடுத்தவள். கத்துவாள், பாத்திரத்தை எறிவாள், மாடி வீடு அதிரும் என்று எதிர்பார்த்து அவர் தயாராக நின்றார். ஆசையாக நின்றார் என்றே சொல்லலாம். அவள் கத்தவில்லை.

"திட்டிடு," என்றார். "வாய்க்கு வந்தபடி திட்டிடு."

"திட்டினா உங்களுக்கு ஒரு மணி நேரத்துல ஆறிடும்," என்றாள். மடித்த துணியை ஓரமாக நகர்த்திவிட்டுக் கட்டிலில் இடம் பண்ணினாள். "என்கிட்ட சொன்னது போதும். உக்காருங்க. அவளுக்குப் போன் போடுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். அம்மா காது நல்லா இருக்குன்னு அவகிட்ட நீங்கதானே சொன்னீங்க? ஊருக்குப் போனப்ப அவ வாயாலயே தெரிஞ்சுது. நான் சொன்னா, பழி போடுறேன்னு நினைப்பா. ஸ்பீக்கர்ல வைங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் கேக்கணும்."

அவர் உட்கார்ந்தார். எண்ணைத் தேடும்போது விரல் இரண்டு முறை தவறியது. மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டாள் என்று ஒரு நிம்மதி எட்டிப் பார்த்த நேரத்தில் எடுத்துவிட்டாள்.

"அப்பா? என்னப்பா, ஞாயிறு சாயங்காலம்? நீங்க படுக்குற நேரமாச்சே?"

"ஒண்ணுமில்லம்மா... அம்மாவுக்குக் காது மிஷின் போட்டிருக்கோம்."

"மிஷினா? காது நல்லா இருக்குன்னீங்களே?"

"நல்லா இல்லம்மா. அம்மாவுக்குக் காது கேக்கல. அம்மா உன்மேல கோவமா இல்ல. நீ போன்ல சொன்னது எதுவும் அவளுக்குக் கேக்கல." பக்கத்தில் அவள் அசையாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அது எனக்கு அப்பவே தெரியும்."

போனில் எங்கோ தூரத்தில் ஒரு பாத்திரம் வைக்கிற ஓசை மட்டும் வந்தது. பிறகு மகள் கேட்டாள். குரல் ரொம்பச் சின்னதாக, பள்ளிக்கூடம் போன நாளில் இருந்த குரலாக இருந்தது.

"அப்பவேன்னா... என் ஆபரேஷனுக்கு முன்னாடியேவா அப்பா?"

அவர் "ஆமா" என்றார். குரல் தொண்டையைத் தாண்டவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் மனைவி. "அவளுக்குக் கேக்கல."